வெள்ளை, சிவப்பு, சீரகசம்பா

சோற்றுப் பானையைத் திறக்கும் முன் குத்தாலிங்கம் அண்ணாச்சி தோளில் கிடக்கும் துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொள்வார். மூக்கில் ஒன்றும் இருக்காது. பிறகு மூடியை ஒரு பக்கமாகத் தூக்கி, ஆவி நேராக முகத்தில் அடிக்காதபடி சாய்த்துப் பிடித்து, குனிந்து, கண்ணை மூடுவார். ஆவி அவருடைய புருவத்தில் நீராகத் திரளும். பானைக்குள்ளிருந்து யாரோ ரகசியம் சொல்வதுபோல் தலை லேசாகச் சாயும். பார்க்கிறவர்கள் பார்ப்பது இவ்வளவுதான். அந்த நேரத்தில் அவருடைய வலது கை அகப்பையில் ஒட்டியிருக்கும் ஒரு பருக்கையை எடுத்து, இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், இரண்டு விரலுக்கிடையில் நசுக்கும். நடுவில் நெருடினால் மூடியை வைத்துவிடுவார். நெருடாமல் வழுக்கினால் கண்ணைத் திறப்பார்.

“வெள்ள வெந்துட்டு” என்பார். இல்லையென்றால், “செவப்பு இன்னும் செத்த நேரம் கெடக்கட்டும்.”

“மூக்குன்னா அது மூக்குய்யா” என்பார்கள் லாரிக்காரர்கள்.

கேரள எல்லையில், புளியறை செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மலையேறப் போகும் லாரிகள் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் இருக்கிறது அகமது கபீர் பாயின் சாப்பாட்டுக் கடை. அதற்கு அடுத்த கட்டடத்தில், லாரி புக்கிங் ஆபீஸில் எனக்கு வேலை. மத்தியானச் சாப்பாடு பாய் கடையில்தான். எல்லோரும் ரோட்டைப் பார்த்து உட்காருவார்கள். நான் உட்காரும் மூலை மேசையிலிருந்து அடுப்படிதான் தெரியும். இரண்டு பெரிய விறகடுப்பு. ஒன்றில் பொன்னிப் புழுங்கல், இன்னொன்றில் கேரளத்து மட்டை அரிசி. கடைக்குள் அவற்றுக்குப் பெயர் வெள்ளை, சிவப்பு.

பரிமாறுகிற இசக்கிராஜா இலை போட்டதும் கேட்கும் ஒரே கேள்வி, “வெள்ளயா, செவப்பா?” கொல்லத்து டிரைவர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் முஷ்டியை உயர்த்தி, “எப்பொழும் செவப்பு” என்பார். இசக்கிராஜா முகத்தை மாற்றாமல், “தோழருக்கு ஒரு செவப்பு” என்று உள்ளே குரல் கொடுப்பான்.

இரண்டையும் வேகவைக்கிற வேலை வேறு வேறு. வெள்ளைக்குத் தண்ணீர் கொதித்த பிறகு அதிக நேரம் தேவையில்லை, கொஞ்சம் அசந்தால் குழைந்துவிடும். சிவப்பை ஊறவைக்க வேண்டும், தண்ணீர் தாராளமாக வேண்டும், விறகு வேண்டும், பொறுமை வேண்டும். வடித்த கஞ்சி இளஞ்சிவப்பாக இறங்கும். “வெள்ளக்கி சட்டுனு கோவம் வந்துரும். செவப்பு எரும மாடு மாதிரி. அது எந்திரிக்க நேரத்துல அது எந்திரிக்கும்” என்பார் அண்ணாச்சி.

பாத்திரம் கழுவவும் காய் வெட்டவும் பிகாஷ் இருந்தான். வங்காளத்தில் பர்தமான் பக்கம் ஊர். ஊரைச் சுற்றி வயல்தான், அதை வீடியோவில் காட்டுவான். பச்சைக்கு நடுவே அவனுடைய தம்பி கையாட்டுவான். கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம், வெளியே மழை பிடித்துக்கொண்டதால் ஆபீஸுக்குப் போகாமல் நானும் உட்கார்ந்திருந்தேன். பிகாஷ் விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வயல்ல ‘தான்’. மூட்டைல ‘சால்’. தட்டுல ‘பாத்’.”

“எங்களுக்கும் மூணுதாம்ல” என்றார் குத்தாலிங்கம். “நெல்லு, அரிசி, சோறு.”

“ஞங்ஙளுக்கும் உண்டு. நெல்லு, அரி, சோறு” என்றார் கை கழுவிக்கொண்டிருந்த கொல்லத்துக்காரர்.

“ஆந்திரா வண்டி வந்தா அன்னம்ங்கான். வடக்க உள்ளவன் சாவல்ங்கான். எதுக்கு இத்தன பேரு?” இசக்கிராஜா மேசையைத் துடைத்தபடி சொன்னான். “நம்ம ரைஸுன்னு ஒண்ணு சொல்லுதோம்லா. வயலு, மூட்ட, தட்டு எல்லாம் ஒரே வார்த்தைல சோலி முடிஞ்சிரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் அவருடைய கண் அப்போதும் பிகாஷின் முகத்தின் மேலேயே இருந்தது. பக்கத்தில் பால் சட்டி திறந்து கிடந்தது. பிகாஷ் அதன்மேல் குனிந்து, மூக்கைச் சுருக்கிவிட்டு நகர்ந்தான். அண்ணாச்சி எழுந்து போய்ப் பாலைச் சாக்கடையில் ஊற்றினார். அதை ஏன் முகர்ந்து பார்க்காமல் ஊற்றினார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது சில மாதம் கழித்து. வடித்த பானையை மறுபடியும் தணலில் ஏற்றி வைத்திருந்தார். அதன் பக்கத்திலேயே நின்று வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். கருகல் நெடி என் மேசை வரைக்கும் வந்துவிட்டது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பிகாஷ் கொல்லையில். நான் எழுந்து போனேன்.

“அண்ணாச்சி, அடிப்பிடிக்குது போல.”

அவர் பானையைப் பார்க்கவில்லை. முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு அவசரமாகத் துணியைப் பிடித்துப் பானையை இறக்கினார். மேற்சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். கருகியதைச் சுரண்டிக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தார்.

“யார்ட்டயும் சொல்லிராதிய தம்பி.”

“அடிப்பிடிச்சதயா?”

“அடிப்பிடிச்சா எந்தக் கடையிலயும் அடிப்பிடிக்கத்தான் செய்யும்.” கொஞ்ச நேரம் வாழைக்காயைச் சீவினார். “எனக்கு வாசம் தெரியாது தம்பி. காய்ச்சல்ல போச்சி. எல்லாருக்கும் போச்சி, எல்லாருக்கும் திரும்ப வந்துச்சி. எனக்கு வரல. மூக்கில்லாத சமையக்காரன எந்த மொதலாளி வச்சிருப்பான், சொல்லுங்க.”

பாய் வரும் முன் கருகல் நெடி போகட்டும் என்று நான் கொல்லைக் கதவை அகலத் திறந்துவைத்தேன். அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். பிறகு கடையில் ஆள் இல்லாத நேரங்களில் அவர் என்னிடம் பேச ஆரம்பித்தார். மற்ற நேரத்தில் என்னைத் தெரியாதவர்போல் இருப்பார்.

அவர் இலத்தூர்க்காரர். குளத்துப் பாசனத்தில் குடும்பத்துக்கு நஞ்சை இருந்தது. தாத்தாவோடு போனது பாதி, பங்கு பிரிந்ததில் மீதி. தம்பி போலீசுக்குப் போய்ச் சென்னையில் இருக்கிறார். இவர் இளவட்டத்தில் புனலூருக்குப் போய் ஒரு ஓட்டலில் விறகு தள்ளினார். சிவப்பைக் கற்றது அங்கே. பிறகு கபீர் பாய் புளியறையில் கடை போட்டபோது அவரோடு சேர்ந்தார். அன்றிலிருந்து கடையில் பலகை மாறியிருக்கிறது, கூரை மாறியிருக்கிறது, அடுப்படியில் ஆள் மாறவில்லை. பாய் அவரைக் “குத்தாலம்” என்பார், “வே” என்பார். இவர் பாயை “மொதலாளி” என்பார். ஒரே வயதுதான் இருவருக்கும். ஒன்றாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் கல்லாவில், மற்றவர் அடுப்பில்.

அந்தக் காய்ச்சல் இவருக்கும் இவருடைய சம்சாரம் ஆனந்தவள்ளிக்கும் ஒன்றாக வந்தது. தென்காசியில் ஆஸ்பத்திரி, ஆளுக்கொரு வார்டு. இவர் மட்டும் வீட்டுக்கு வந்தார். மகள் அனுசியா ஓசூரில். ரோடெல்லாம் மூடிக்கிடந்ததில் எல்லாம் முடிந்த பிறகுதான் வர முடிந்தது.

“வீட்டத் தெறந்தேன் தம்பி. ஒரு வாசமும் இல்ல. ஆளு போன வீட்டுக்கு வாசம் இருக்காது போலன்னு நெனச்சேன். பசிச்சிது. சோறு வச்சேன். கொதிக்கி, பொங்குது, வடிச்சேன், அப்பவும் ஒண்ணுமில்ல. அப்பதாம் தெரிஞ்சிது, வீட்டுல இல்லாம இல்ல, எம்மூக்குலதான் இல்லன்னு.”

வீட்டைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் பின்னால் உள்ள அறைக்கு வந்துவிட்டார். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்லுவாள். டாக்டர் ஒருவர், வரும், காத்திருங்கள் என்றாராம். காப்பித்தூளையும் சூடத்தையும் தினமும் முகர்ந்து பார்க்கச் சொன்னாராம். முகர்ந்து முகர்ந்து சூடக் கட்டி கரைந்து போனது.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவர் சாப்பிடுவார். அதுவும் அன்றைய சோறு இல்லை, முந்தின நாள் தண்ணீர் ஊற்றிய பழையது. புளிப்பும் உப்பும் நாக்குக்குத் தெரியும், அது போதும் என்பார். பிகாஷும் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். அவன் ஊரில் அதற்குப் பாந்தா என்று பெயராம். ஒரிசா லாரிக்காரர் ஒருவர் அதைப் பொகாளோ என்றார். கொல்லத்துக்காரர் பழங்கஞ்ஞி என்றார். பிகாஷ் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பேசிக்கொண்டே சாப்பிடுவான். அண்ணாச்சி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஒருநாள் இவர் தட்டில் வெள்ளை ஒரு பிடியும் சிவப்பு ஒரு பிடியும் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி வாயில் போட்டார்.

“தெரியுதா அண்ணாச்சி?”

“பல்லுக்குத் தெரியுது. இது தடிமன், இது பொடுசு. அவ்வளவுதான்.” விழுங்கினார். “நாள் பூரா ரெண்டயும் வடிக்கேன். கண்ணக் கட்டிட்டா ரெண்டும் ஒண்ணுதான்.”

ஐந்தருவிக்கு ஒரு காலையில் அவரோடு போனேன். சாரல் இன்னும் தொடங்கவில்லை, கூட்டம் இல்லை. குளித்துவிட்டு வரும் வழியில் நேந்திரங்காய் வறுக்கும் சட்டிக்கு முன்னால் போய் நின்றார். வாங்கப் போகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் பொட்டலம் எடுத்தார். இவர் எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றார். “சத்தம் மட்டும் வருது” என்றார் என்னிடம். பொட்டலம் வாங்காமல் வந்தோம்.

ஆனாலும் கடை ஓடியது. பிகாஷின் முகம் அவருக்கு மூக்காக இருந்தது. மீன் வந்தால் கூடையை முதலில் பிகாஷின் பக்கம் இறக்கச் சொல்வார். பருப்பு, தேங்காய், பால், எதுவானாலும் அவன் தாண்டிப் போகும் வழியில் வைத்துவிட்டு அவனுடைய முகத்தைப் படிப்பார். தன் மூக்கு இப்படிக் கடன் போயிருப்பது பிகாஷுக்குத் தெரியாது. அதற்கு மேல் பாய் இருந்தார். முதல் இலை விழும் முன் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, இரண்டு பானையையும் திறந்து, மூச்சை ஆழமாக இழுத்து, “வாசம் சரியா இருக்கு வே” என்பார். அந்த ஒரு வார்த்தையில் அண்ணாச்சியின் தோள் இறங்கும். சாயங்காலம் வரை அதை வைத்துக்கொண்டு நிற்பார்.

போன வருடம் சாரல் நன்றாகக் கட்டியது. குற்றாலத்தில் குளித்துவிட்டு, அந்தக் கையோடு ஆரியங்காவு தாண்டிப் பாலருவிக்கும் போகிற கார்கள் புளியறை வழியாக நாள் முழுக்க ஏறி இறங்கின. அவர்களுக்கு வெள்ளையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். பிரியாணி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பாய்க்கு அது உறுத்தியது.

“சீரகசம்பால போடுவோம் வே” என்றார். “பாஸ்மதி எல்லாக் கழுதையும் போடுதான். சீரகசம்பான்னு போர்டு வச்சா தென்காசிக்காரன் இங்கன தேடி வருவான்.”

மசாலா பாயின் வீட்டில், வடகரையில், அவருடைய சம்சாரம் அரைத்துக் கொடுத்தனுப்புவது. கறி பாயின் பொறுப்பு. அரிசி குத்தாலிங்கத்தின் பொறுப்பு. கல்யாண வீடுகளுக்குத் தம் போட்ட கைதான் அவருடையது. அவர் தலையாட்டினார்.

இரண்டு மாதிரி அரிசி வந்தது. ஒன்று தென்காசி மண்டியிலிருந்து, மற்றது மலைக்கு அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவர் லாரியில் கொடுத்துவிட்டது. பாய் இரண்டையும் தனித்தனித் தட்டில் கொட்டிக் கல்லா மேசையில் வைத்தார். இரண்டும் சீரகம் போலப் பொடி அரிசி. முதல் தட்டு கொஞ்சம் பழுப்பு. இரண்டாவது தட்டு வெளேரென்று, மணி கொஞ்சம் உருண்டை.

“ரெண்டு பேரும் சீரகசம்பான்னுதான் சொல்லுதானுவ. ஒண்ணு அசலு, ஒண்ணு சும்மா” என்றார் பாய். “நீரு மோந்து சொல்லும். உம்ம மூக்குக்கு முன்னால எந்த யாவாரி நிப்பான்?”

என் மேசைக்கு இரண்டின் வாசமும் எட்டவில்லை. அண்ணாச்சி துண்டால் மூக்கைத் துடைத்தார். முதல் தட்டில் ஒரு பிடி எடுத்து முகத்துக்கு நேரே கொண்டுபோனார். வைத்தார். இரண்டாவதை எடுத்தார். வைத்தார். திரும்பவும் முதலாவது. இசக்கிராஜாவும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான். மேசையில் நாலு மணி சிதறியது.

அப்போது கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டு பிகாஷ் வந்தான். கல்லாவைத் தாண்டியவன் நின்றான். தட்டுகளை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டாவது தட்டின்மேல் குனிந்தான். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகில் வைத்தான். அவன் அந்தக் கடையில் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவனுடைய பாஷையில் என்னவோ சொன்னான், யாருக்கும் இல்லை, அரிசிக்கு. அந்தச் சிட்டிகையைக் கைக்குள் மூடிக்கொண்டே கொல்லைக்குப் போனான்.

அண்ணாச்சி இரண்டாவது தட்டைத் தொட்டார்.

“இதான் மொதலாளி. அசலு.”

பாய் அதில் ஒரு கை அள்ளி, மூச்சை உள்ளே இழுத்தார். “ஆமா. தூக்குதுல்லா” என்றார்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கூட்டம் வரும் நேரத்துக்குப் பிரியாணி என்று முடிவு. போர்டு வந்தது. அண்டா வந்தது. பாதி வேகும்போதே அண்ணாச்சிக்கு விரல் சொல்லிவிட்டதாம், இது சீரகசம்பாவின் நடை இல்லை என்று. சீக்கிரமாகப் பதம் வந்தது, வந்த கையோடு ஒட்டிக்கொண்டது. முன்கூட்டியே இறக்கினார், தணலைக் குறைத்தார். கறியோடு சேர்ந்த அரிசியைத் திருப்பி எடுக்க வழியில்லை. பாய் வந்து மூடியைத் திறந்து வழக்கம்போல் தலையாட்டிவிட்டுப் போனார்.

முதல் பந்தியிலேயே வேல்ராஜ் வந்து உட்கார்ந்தார். குத்துக்கல்வலசைக்காரர், ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். செக்போஸ்ட்டில் வேலை பார்த்த நாளிலிருந்தே கடைக்குப் பழக்கம். குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது. இரண்டு வாய் போட்டார். மூன்றாவது வாயைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“கபீரு, பாயாசத்துல எலும்பு கெடக்கு.”

பக்கத்து மேசை சிரித்தது. பாய் எழுந்து வந்தார்.

“என்ன ஏட்டையா?”

“போர்டுல சீரகசம்பான்னு போட்டிருக்க. இது எந்தூரு சம்பா? பால் கொழுக்கட்ட வாசம்லா அடிக்கி. அந்தா மூக்கு மூக்குன்னு ஊரெல்லாம் சொல்லுதானுவளே, அந்த மூக்கக் கூப்புடு பாப்போம்.”

கொல்லத்துக்காரர் நடுவில் புகுந்தார். “அது கைம அரியாணு சாரே. மலபாரில் பிரியாணி இதிலல்லே? மோசமில்லா.”

“நீரு பேசாம செவப்பத் தின்னும்” என்றார் வேல்ராஜ். இப்போது கடையே சிரித்தது.

அண்ணாச்சி அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தார். கையில் அகப்பை. பாய் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“அவரு என்ன செய்வாரு ஏட்டையா. அரிசி நாந்தாம் பாத்தேன். தப்பு எம்மேலதான்.”

“நீ பாத்தியா? பாத்த மூஞ்சியப் பாரு” என்று சொல்லிவிட்டு வேல்ராஜ், திட்டிக்கொண்டே, இலையைக் காலி செய்தார்.

கூட்டம் போன பிறகு அண்ணாச்சி பிகாஷைக் கூப்பிட்டார்.

“அன்னைக்கு எதுக்குல அந்த அரிசியப் பாத்துச் சிரிச்ச?”

பிகாஷ் பயந்துபோனான். “எங்க ஊர் அரிசி அண்ணா. கோபிந்தபோக். கேரளாவுக்குப் போனா அது கைம. சாமிக்குப் பாயேஷ் செய்வோம். அம்மா செய்யும்.” பிறகு, வேறு வார்த்தை கிடைக்காமல், “வீடு வாசம்” என்றான்.

அண்ணாச்சி அவனுடைய தோளில் கை வைத்தார். திட்டவில்லை. “போல, போய் அண்டாவ ஊறப்போடு” என்றார்.

என் மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். அதுவரை அவர் என் எதிரே உட்கார்ந்ததில்லை. “என் கண்ணுக்கு மொதத் தட்டுதாம் சரின்னு பட்டுச்சி தம்பி. கண்ண நம்பல” என்றார். “தப்ப எடுத்து அவரு தலைல போட்டுக்கிட்டாரு. இதுக்கு மேல மறச்சா நல்லா இருக்காது.”

எழுந்து கல்லாவுக்குப் போனார். பாய் அன்றைய பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மேசைதான், எனக்கு எல்லாம் கேட்டது.

“மொதலாளி, எனக்கு மூக்கு இல்ல.”

பாய் நிமிர்ந்தார்.

“வாசம் தெரியாது. ஒங்கள ஏமாத்திட்டேன். மோந்து பாத்த மாதிரி நடிச்சேன், இத்தன வருசமும்.”

“எப்பலேருந்து?”

“அந்தக் காய்ச்சல்லேருந்து.”

பாய் வாயைத் திறந்தார். ஏதோ வரப்போகிறது என்று நானும் நினைத்தேன். வரவில்லை. பேப்பரை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார், அதற்கு மேல் மடிய இடமில்லாத அளவுக்கு. வெளியே ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பாய் எழுந்து அதைப் பார்க்கப் போனார். போனவர் டிரைவரோடு வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி அடுப்படிக்குப் போய் இரண்டு அடுப்பிலும் தணலை அணைத்தார்.

மறுநாள் காலையில் அறையைக் காலி செய்துவிட்டார். ஒரு பை, ஒரு டிரங்குப் பெட்டி. பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, “போணுமா வே?” என்றார். அண்ணாச்சி, “போய்ட்டு வாரேன் மொதலாளி” என்றார்.  இசக்கிராஜா பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். பிகாஷ் கொல்லையைவிட்டு வெளியே வரவில்லை.

தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை நான் கூடப் போனேன். ஓசூர் வண்டிக்கு நேரம் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்.

“பாய் போகச் சொல்லலியே அண்ணாச்சி.”

“இருன்னும் சொல்லலியே.” டீயை ஒரு வாய் குடித்தார். “ஏசியிருந்தா இருந்திருப்பேன் தம்பி. நாலு பேருக்கு முன்னால ஏசியிருந்தாக்கூட இருந்திருப்பேன். ஒரு வார்த்தையும் பேசாம எந்திரிச்சிப் போயிட்டாரு. இத்தன வருசம் பழகுன மனுசன் பேசலன்னா அதுக்கு வேற என்ன அர்த்தம்?”

வண்டி வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கையாட்டினேன். அவர் ஏற்கெனவே முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் வேறு ஆள் வந்தார். பிரியாணி போர்டு இறங்கிவிட்டது. புது ஆள் வேகும் சோற்றை எல்லோருக்கும் தெரியவே நசுக்கிப் பார்ப்பார். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பாய் பானையைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டார். பிகாஷ் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அண்ணாச்சி ஒரே ஒரு தடவை போனில் பேசினார். மகளும் மருமகனும் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், பக்கத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் என்றார். “இங்கன சோறாக்க மூக்கே வேண்டாம் தம்பி. குக்கர் விசில் அடிக்கும், எறக்கி வச்சிர வேண்டியதான்.” என்ன அரிசி என்று கேட்டேன். “பையில வருது. பேரு இங்கிலீஷ்ல போட்டிருக்கு” என்றார். பிறகு பாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். “சரி” என்றார். 

இந்த வருடம் பங்குனியில், கடைக்கு விறகு வந்த லாரியின் வாடகை சம்பந்தமாக ஒரு கையெழுத்து வாங்க வடகரையில் பாய் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பாய் பள்ளிவாசலிலிருந்து இன்னும் வரவில்லை. அவருடைய சம்சாரம் உட்காரச் சொன்னார். உள்ளே மசாலா வறுபடும் வாசம். எனக்கு டீ போடப் போனவர், பால் சட்டியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார்.

“இந்த வேனலுக்குப் பாலு நிக்க மாட்டேங்கு தம்பி. நான் பாக்காட்டி ஒங்க பாய் திரிஞ்சதையும் குடிச்சிட்டுப் போயிருவாக.”

கவனிக்க மாட்டாரா என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“அவுகளுக்கு வாசமே தெரியாதுல்லா. அந்தக் காய்ச்சல்ல போனது, இன்னும் வரல. யார்ட்டயும் சொல்லாதங்காக. சாப்பாட்டுக் கட வச்சிருக்கவன் மூக்குல வாசம் இல்லன்னா எவன் வந்து உக்காருவான்னு கேக்காக. பொறவு எதுக்கு மசாலாவ நான் இங்கன அரைச்சிக் குடுத்து விடுதேன்?”

குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாமயா இருக்கும்?” என்றார் அந்த அம்மாள், டீயை ஆற்றிக்கொண்டே. “ரெண்டு பேரும் ஒரே அடுப்படியிலதான தம்பி கெடந்தாக.”